நிருபன் சொன்ன விசை

அல் ஐன் நகரத்துக்கு வெளியே, ஒட்டகப் பந்தயத் திடலையும் தாண்டிப் போகிற சாலையில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்று இருக்கிறது. அங்கே நிருபன் நாலரை வருடம் வேலை பார்த்தான். சுட்டவர்கள் எழுந்து போனபிறகு தரைப் பாய்களைத் தட்டி மடிப்பான். சிதறிக் கிடக்கும் பித்தளைத் தோட்டாக் கூடுகளைக் கூட்டி வாளியில் அள்ளுவான். முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் மண்மேட்டுக்கு வண்டியில் போய்க் குறி அட்டைகளை மாற்றிவிட்டு வருவான். கிளப்பின் நேரடி ஆள்கூட இல்லை அவன். துப்புரவுக்கு ஆள் அனுப்புகிற ஒரு கம்பெனியின் விசாவில் வந்தவன். பச்சைச் சட்டையின் முதுகில் அந்தக் கம்பெனியின் பெயர்தான் இருந்தது. கிளப்பில் பலர் அவனை அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள்.

முப்பத்து நான்கு வயது. ஊர், இலங்கையின் வன்னியில் விசுவமடு. மனைவி கஜாலினியும் எட்டு வயது மகள் லக்சிகாவும் ஊரில் இருந்தார்கள். குடிக்கமாட்டான், அதிகம் பேசமாட்டான். அவனிடம் வித்தியாசமாக ஒன்றே ஒன்று இருந்தது. துப்பாக்கியைத் தொடமாட்டான். மேசையில் யாராவது துப்பாக்கியை வைத்துவிட்டுப் போயிருந்தால் அதைச் சுற்றித்தான் துடைப்பான். கொஞ்சம் நகர்த்தினால் வேலை சுலபமாக முடியும். நகர்த்தமாட்டான்.

இதை முதலில் கவனித்தவர் ஹஸ்னைன். சியால்கோட்காரர், ஐம்பது தாண்டியவர், கிளப்பின் துப்பாக்கிப் பட்டறைக்குப் பொறுப்பு. இருவரும் பேசிக்கொள்வது இந்தியில்.

"பயமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஆமாம் பாய்," என்றான் நிருபன். அது பொய் இல்லை.

போன வருடம் செப்டம்பரில் கிளப் ஒரு பெண்கள் அணி சேர்த்தது. வளைகுடா நாடுகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்காக எட்டு ரைஃபிள்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் தயாரித்த கம்பெனி பொருத்தி அனுப்பிய விசை கனமாக இருந்தது. இழுக்க இழுக்கக் கை ஆடிக் குறி தப்பியது. அதைக் கழற்றிவிட்டுத் தனியாக விற்கிற நல்ல விசை வாங்கிப் பொருத்தலாம் என்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்த கோச் சொன்னார். துபாய் வியாபாரி ஒருவர் இரண்டு மாதிரிகளைக் கொடுத்து, இரண்டு வாரம் சுட்டுப் பாருங்கள் என்றார்.

ஒன்று சிங்கிள் ஸ்டேஜ். விரல் வைத்ததும் சுவரைத் தொட்டதுபோல நிற்கும். அசைவே தெரியாது. அழுத்தம் அளவுக்கு வந்ததும் கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி சட்டென்று விடும். மற்றது டூ ஸ்டேஜ். விரலை இழுத்தால் முதலில் கொஞ்சம் தளர்வாகக் கூடவே வரும், பிறகு ஓர் இடத்தில் நிற்கும். அங்கிருந்து இன்னும் ஒருமுறை அழுத்தினால்தான் வெடிக்கும்.

கோச்சுக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது. உலகத்தில் பெரிய ஆட்கள் பலர் அதில்தான் சுடுகிறார்கள் என்றார். சுத்தமான முறிவு, தேவையில்லாத அசைவு கிடையாது. ஹஸ்னைனிடம் அதை இன்னும் இலகுவாக்கித் தரச் சொன்னார். ஹஸ்னைனுக்குத் தனியாக ஒரு கருத்தும் இல்லை. மேலே உள்ளவர் சொன்னதை மாட்டுவேன் என்பார்.

சிங்கிள் ஸ்டேஜ் பொருத்திய துப்பாக்கி ஜொஹரா என்ற பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. உள்ளூர்ப் பெண், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். கூட்டுகிறவனுக்கும் வணக்கம் சொல்கிற இரண்டு மூன்று பேரில் ஒருத்தி. அவளுக்கு அந்த விசை ஒத்துவரவில்லை. மூச்சைப் பிடித்துக் குறி பார்த்து முடிப்பதற்குள் வெடித்துவிடும். பொறுமை வேண்டும் என்றார் கோச். அவள் தலைத்துணியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி படுப்பாள்.

இரண்டாவது வாரம் காற்று அடித்தது. ஜெபல் ஹஃபீத் மலையே தெரியாத அளவுக்குப் புழுதி. அன்றைக்குப் பயிற்சியை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. ஜொஹரா படுத்து, தோட்டாவைப் போட்டு, அதை உள்ளே அடைக்கும் போல்ட்டை முன்னால் தள்ளிக் கீழே மடக்கினாள். மடக்கின அந்த நொடியே துப்பாக்கி வெடித்தது. குண்டு இருபது மீட்டர் முன்னால் தரையைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. முன்பக்கம் ஆள் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கோச் ஓடிவந்தார். விரலை ஏன் விசையில் வைத்தாய் என்று கத்தினார். மற்றப் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"நான் வைக்கவில்லை," என்றாள் ஜொஹரா.

"வைக்காமல் துப்பாக்கி வெடிக்காது."

"நான் வைக்கவில்லை," என்று மறுபடியும் சொன்னாள். மூன்றாவது முறை சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

நிருபன் இரண்டு எட்டுப் பின்னால் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றான். அவன் பார்த்திருந்தான். அவளுடைய சுட்டுவிரல் துப்பாக்கியின் மரக்கட்டையோடு ஒட்டி நேராக நீட்டியிருந்தது. விசைக்குப் பக்கத்திலேயே இல்லை.

பதினாறு வருடங்களுக்கு முன் இதையே வேறொரு பெண் சொல்லக் கேட்டிருக்கிறான். அப்போது நிருபனுக்குப் பதினேழு வயது. வன்னியில் போர் நடத்திய இயக்கம் வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிடித்துக்கொண்டு போன காலம். ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு அவனைச் சண்டைக்கு அனுப்பவில்லை. கை நுட்பம் இருக்கிறது என்று, சண்டையிலிருந்து திரும்பி வருகிற துப்பாக்கிகளை, அவர்கள் சொல்லில் துவக்குகளை, பிரித்துத் துடைத்துப் பூட்டுகிற இடத்தில் விட்டார்கள். பனை மரங்களுக்குக் கீழே ஒரு பதுங்குகுழி, ஒரு வாளி மண்ணெண்ணெய், பழைய துணி. மூன்றரை மாதத்தில் எத்தனையோ நூறு துவக்குகள் அவன் கையால் பிரிக்கப்பட்டுப் பூட்டப்பட்டன. சிலவற்றில் சேறு மட்டும் இருக்காது.

ஒருநாள் பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் துவக்கு தானாக வெடித்துப் பக்கத்தில் இருந்த தோழி செத்துப்போனாள். "நான் அமத்தேல்லை, நான் அமத்தேல்லை" என்று, விசையை அழுத்தவே இல்லை என்று, அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவரும் நம்பவில்லை. அடித்தார்கள். அந்தத் துவக்கைத் துடைக்க நிருபனிடம்தான் கொண்டுவந்து போட்டார்கள். பிரித்துப் பார்த்தான். விசை பிடித்து நிற்கிற கொக்கி தேய்ந்து, நக நுனி அளவுக்குத்தான் பற்றிக்கொண்டிருந்தது. இலேசாகத் தட்டினாலே விடும். போய்ச் சொல்லியிருக்கலாம். பயத்தில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண்ணை முன்னுக்கு அனுப்பினார்கள். அவள் திரும்பி வரவில்லை.

நிருபன் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினான்.

"அவருடைய விரல் வெளியேதான் இருந்தது. நான் பார்த்தேன்," என்றான், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

கோச் திரும்பிப் பார்த்தார். கிளப்புக்கு வந்த நாளிலிருந்து அவர் அவனை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"உனக்கு என்ன தெரியும்?"

ஆங்கிலம் போதவில்லை. ஹஸ்னைனைக் கூப்பிட்டு இந்தியில் சொன்னான். "பாய், இந்த விசையை இலகுவாக்கக் கொக்கியின் பிடியைக் குறைத்திருக்கிறீர்கள். மயிர் அளவுதான் பிடித்து நிற்கும். அதற்குள் புழுதி போனால் அதுவும் சரியாக உட்காராது. போல்ட்டை மூடின அதிர்ச்சியே போதும். மற்ற விசை அப்படி இல்லை. விரலால் முதல் தளர்வை எடுக்கும்வரை அதன் கொக்கி ஆழமாகப் பிடித்திருக்கும். எடுத்த பிறகுதான் பிடி குறையும். இந்த மண்ணுக்கு அதுதான் சரி. இவர்களுக்கும் அதுதான் சரி. பதறிய விரல் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி ஹஸ்னைன் கேட்டதில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். கோச்சும் கூடவே போனார். அரை மணி நேரத்தில் திரும்பினார்கள். உள்ளே மாவு மாதிரி புழுதி. சொன்னது சொன்னபடி இருந்தது.

கோச் நல்ல மனிதர்தான். எல்லோர் முன்னாலும் ஜொஹராவிடம் மன்னிப்புக் கேட்டார். எட்டுத் துப்பாக்கிக்கும் டூ ஸ்டேஜ் வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு நிருபனின் தோளில் தட்டி, இதெல்லாம் எங்கே கற்றாய் என்றார்.

"தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தேன்," என்றான் நிருபன். அதுவும் பாதி உண்மை. போர் முடிந்ததும் அரசு அடைத்து வைத்த புனர்வாழ்வு முகாமில் இருந்த இரண்டு வருடத்தில் அந்த வேலையைத்தான் பழக்கியிருந்தார்கள்.

புது விசைகள் வந்ததும் ஹஸ்னைன் அவனைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். முதல் நாள் கதவோரத்தில் நின்றான். இரண்டாம் நாள் டார்ச் பிடித்தான். மூன்றாம் நாள், ஊசி ஒன்று உள்ளே சரியாக உட்காராமல் ஹஸ்னைன் திட்டிக்கொண்டிருந்தபோது, கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. பதினாறு வருடம் கழித்தும் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மிச்சம் ஐந்து துப்பாக்கிகளுக்கும் அவனே பொருத்தினான். முதல் கட்டத்துக்கு இவ்வளவு, இரண்டாவதற்கு இவ்வளவு என்று அவனே தராசில் பிடித்துப் பார்த்துத் திருகாணியை முடுக்கினான். அந்த வாரம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவே அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது. வாழ்க்கையில் நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரே வேலை, தன்னை அழஅழ இழுத்துக்கொண்டுபோய்ப் பழக்கின வேலை.

மாதக் கடைசியில் கிளப் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆட்கள் விவகாரம் பார்க்கிற ராஜிக் இலங்கைக்காரர்தான், புத்தளத்தில் வளர்ந்தவர். அங்கத்து முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல நிருபன் அவரை நானா என்று கூப்பிடுவான்.

"தம்பி, உனக்கு நல்ல காலம்," என்றார் ராஜிக். "கோச் எழுதிக் குடுத்திருக்கிறார். பட்டறையில உதவியாள். இனிமே கிளப் விசா. குடும்பத்தையும் கூப்பிடலாம்."

நிருபன் சிரித்தபடி நின்றான்.

"ஒரு சின்ன வேலைதான். துவக்குத் தொடுற ஆள் எண்டபடியா ஊரில இருந்து பொலிஸ் நற்சான்று எடுக்கவேணும். நீ முந்தி வந்தது துப்புரவுக்கு. அதுக்கு ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டாங்க. நானே அனுப்பிவிடுறன். கையெழுத்தை மட்டும் போடு."

யோசித்துச் சொல்கிறேன் என்று பேப்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஹஸ்னைனிடம் மட்டும் சொன்னான், எல்லாவற்றையும் அல்ல. ஊரில் போர் நடந்தபோது தன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு தடுத்து வைத்திருந்தார்கள் என்பதுவரை. ஹஸ்னைன் உடனே பட்டறைக் கதவைச் சாத்தினார்.

"வேண்டாம் என்று சொல்லிவிடு. கண் சரியில்லை என்று சொல். கை நடுங்குகிறது என்று சொல். கூட்டிக்கொண்டே இரு. யாரும் கேட்கமாட்டார்கள்."

"எனக்கு விடுதலைக் கடிதம் தந்திருக்கிறார்கள் பாய். இனி நீயும் மற்றவர்கள் மாதிரிதான் என்று அதிகாரியே சொன்னார்."

"கடிதம் உன்னிடம்தானே இருக்கிறது," என்றார் ஹஸ்னைன். "மற்றவர்களிடம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் கஜாலினியோடு பேசினான். குடும்பத்தைக் கூப்பிடலாம் என்றதும் அவள் குரல் மாறியது. லக்சிகாவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூடக் கேட்டுவிட்டாள். நற்சான்று என்ற சொல் வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, வேண்டாமப்பா. நாங்கள் இப்பிடியே இருப்பம்."

"எவ்வளவு காலத்துக்குக் கஜா?"

"இருக்கும் வரைக்கும். உங்களை ஆர் அங்க வாய் திறக்கச் சொன்னது? அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லையோ, தாய் இல்லையோ? நீங்கள் கூட்டிப்போட்டு வந்திருக்கலாமே."

பதுங்குகுழிக்குப் பக்கத்தில் நின்று அழுத அந்தப் பெண்ணைப் பற்றி அவன் மனைவியிடமும் சொன்னதில்லை.

ஒரு வாரம் பேப்பரைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். சம்பளத்துக்காக என்றும் சொல்லலாம், குடும்பத்துக்காக என்றும் சொல்லலாம். உண்மையில், நீ இதில் கெட்டிக்காரன் என்று ஒரு மனிதர், அந்தக் கோச், முதல்தடவையாக எழுதியே கொடுத்திருந்தார். அதை எனக்குக் கை நடுங்கும் என்று பொய் சொல்லித் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. ராஜிக் அவனைக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்திப்போட்டு இரு தம்பி."

இருந்தான். மேசையில் ஒரு தாள் கவிழ்ந்து கிடந்தது.

"இதில என்ன எழுதியிருக்கு எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் நானா."

"இயக்கத்தில இருந்ததை ஏன் என்னட்ட முதலே சொல்லேல்ல?"

"அது முடிஞ்ச கதை எண்டு நினைச்சன்."

ராஜிக் தாளை நிமிர்த்தினார், திரும்பக் கவிழ்த்தார். "புத்தளம் எண்டுதானே உனக்குச் சொன்னனான். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில, சோனகத் தெருவில. ஒன்பது வயசு எனக்கு. ரெண்டு மணித்தியாலம் தந்தாங்கள் இயக்கக்காரர், முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் வெளிக்கிடச் சொல்லி. உம்மாட காதில கிடந்ததையும் கழட்டி வாங்கிப்போட்டுத்தான் விட்டவங்கள். உன்ர ஆக்கள்."

"என்ர ஆக்கள் இல்லை நானா. என்னையும் பிடிச்சுக்கொண்டுதான் போனவங்கள். நீங்கள் வெளிக்கிட்ட நேரம் நான் பிறக்கவே இல்லை."

"தெரியும்," என்றார் ராஜிக். "காலமையில இருந்து இந்தத் தாளை வச்சுக்கொண்டு அதைத்தான் கணக்குப் பாத்துக்கொண்டிருந்தனான். நீ பிறக்கேல்ல. சரிதான்."

வெளியே யாரோ அரபியில் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"என்னைப் பழைய வேலையிலயே விடேலாதோ நானா? கூட்டிறன். பட்டறைப் பக்கம் வரமாட்டன்."

"ஏலாது. துவக்கு இருக்கிற இடம். இதை வாசிச்சபிறகு உன்னை உள்ளுக்கு வச்சிருந்தா நாளைக்கு என்னையும் கேப்பாங்கள்."

"இந்தக் கடிதம் வராமலே இருந்திருந்தா?"

"வராட்டி நீ கூட்டிக்கொண்டு இருந்திருப்பாய்," என்றார் ராஜிக். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்தத் தாளை அவர் கிழித்துப் போட்டிருக்க முடியுமா என்பது நிருபனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ராஜிக்குக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். மேலே அனுப்பினார். நான்கு நாளில் துப்புரவுக் கம்பெனி விசாவை ரத்துச் செய்தது.

அந்த நான்கு நாளும் அவனைச் சுடுதளத்துக்குள் விடவில்லை. வாசலில் இருந்த காவலாளி, தினமும் சலாம் சொல்கிறவன், அவனுடைய பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். கோச் தூரத்தில் போவதைக் கண்டு நிருபன் கையை உயர்த்தினான். அவர் காணாதமாதிரிப் போனார். உண்மையிலேயே காணவில்லையோ என்னவோ. ஹஸ்னைன் மட்டும் வாசல்வரை வந்து கட்டிப்பிடித்தார்.

"நான் சொன்னேனே நண்பா," என்றார். "சொன்னேனே."

அந்த நேரத்தில் நிருபனுக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

ஊர் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சாதாரண உடுப்பில் இரண்டு புலனாய்வுக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். முன்பு, முகாமிலிருந்து வந்த புதிதில், இப்படித்தான் வருவார்கள். பிறகு வருவதை விட்டிருந்தார்கள். ஒருவர் கொச்சைத் தமிழில் கேட்டார்.

"வெளிநாட்டில என்ன வேலை செஞ்சது?"

"கூட்டிற வேலை சேர்."

"எங்க?"

நிருபன் சொன்னான். சொல்லாமல் இருக்க முடியாது, அவர்கள் கையில் இருந்த தாளில் அந்தப் பெயர் இருந்தது.

"துவக்குச் சுடுற இடம். கூட்டிற ஆளுக்கு எதுக்கு நற்சான்று கேட்டது?"

என்ன பதில் சொன்னாலும் அடுத்த கேள்வி காத்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. துவக்கைத் திருத்துகிற வேலைக்கு எடுக்க இருந்தார்கள் என்றான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர் கொப்பியை எடுத்து எழுதினார். யார் பழக்கியது, அங்கே வேறு யார் தமிழர், யாரோடு போனில் பேசுகிறாய். ஒன்றரை மணி நேரம். இனி மாதத்தில் ஒருமுறை தங்கள் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கஜாலினி அவர்கள் இருந்த கதிரைகளை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு திரும்பி வந்து நின்றாள்.

"ரெண்டு நாட்டுக்கும் நீங்கள் துவக்குக்காரன் ஆயிட்டியள்," என்றாள். "ஒரு நாள் வாய் திறந்ததுக்கு."

அன்றைக்குத்தான் அவன் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னான். தேய்ந்த கொக்கி, அடி, தான் போய்ச் சொல்லாமல் இருந்தது எல்லாவற்றையும் சொன்னான். கஜாலினி கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான். "அப்ப சொல்லியிருக்கவேணும்," என்றாள். "இப்ப சொன்னதால அவள் வரப்போறாளோ?" அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

பிப்ரவரியில் ஹஸ்னைனிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. மஸ்கட்டில் போட்டி, ஜொஹராவுக்கு மூன்றாமிடம், எட்டு விசையும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கின்றன, கோச் உன்னைப் பற்றிக் கேட்டார். யாரோடு போனில் பேசுகிறாய் என்று கேட்டவர்களை நினைத்து அதை அழித்தான். ஹஸ்னைனின் போன் இலக்கத்தையும் அழித்தான்.

இப்போது பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை அடுக்கப் போகிறான். ஆலையில் மெஷின் பழுதானால் கிளிநொச்சியிலிருந்து ஆள் வரும்வரை எல்லோரோடும் சேர்ந்து அவனும் சும்மா இருக்கிறான். என்ன பழுது என்று சத்தத்திலேயே அவனுக்குத் தெரியும். சொல்வதில்லை.

போன மாதம் லக்சிகாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரின் தொழில் பற்றிப் பத்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார்கள்.

"அப்பா டுபாயில ஹோட்டலில வேலை செய்தவர் எண்டு எழுது," என்றாள் கஜாலினி.

"டுபாய் இல்லையேம்மா, அல் ஐன்."

"டுபாய் எண்டே எழுது."

"எந்த ஹோட்டல் எண்டு டீச்சர் கேட்டா?"

கஜாலினி நிருபனைப் பார்த்தாள். அவன் முற்றத்தில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கையைத் துணியில் துடைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, இல்லாத ஒரு ஹோட்டலின் பெயரைச் சொன்னான். அதை எப்படி எழுதுவது என்று மகள் கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தான்.